நிழற்படக் கோப்பின் உட்குறிப்பு

நூலொன்றைக் கற்கப் புகுவார் முதற்கண் அதன் பாயிரத்தை நோக்குதல் மரபு. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டும் ஆண்டு உணர்த்தப்படும். ஏட்டுச் சுவடிகளிலோ எனின், படியெடுத்தார் இன்னார் என்பதூஉம், இன்ன ஆண்டு இன்ன திங்கள் இன்ன நாளில் எழுதி முடிந்தது என்பதூஉம் இறுதி ஏட்டிற் காணப்படுதல் உண்டு. இவை நூலின் புறத்தன. ஆயினும் நூலின் வரலாறு துணியப் புகுவார்க்குக் கைவிளக்காவன இவையே. இக்காலத்துக் கைப்பேசியானும் காமிராவானும் எடுக்கப்பெறும் நிழற்படங்கட்கும் இத்தகையதொரு பாயிரம் உண்டு. அது படத்தின்மேற் காணப்படாது. படத்தைத் தாங்கிய கோப்பினுள் மறைந்து நிற்கும். ஆங்கிலத்தார் அதனை மெட்டாடேட்டா என்பர். தரவைப் பற்றிய தரவு என்பது அதன் பொருள். இக்கட்டுரைக்கண் அதனை உட்குறிப்பு என வழங்குவாம்.

நூலாராய்ச்சி செய்யும் அன்பர்கட்கு இஃது எற்றுக்கு எனின், கூறுதும். இன்று சுவடியை நேரிற் கண்டு ஆராய்வாரினும் சுவடியின் நிழற்படத்தைக் கண்டு ஆராய்வாரே பலர். புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடித் தொகுதி 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்க்கப்பெற்றது. அத்தகைய தொகுதிகளின் ஏடுகள் படமாக்கப்பெற்று நெடுந்தொலைவிலுள்ளார்க்கும் பயன்படுகின்றன. படத்தைச் சான்றாகக் கொள்வார் படத்தின் உட்குறிப்பையும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. அறியாதார்க்கு இருவகைக் கேடு விளையும். குறிப்புக் கூறுவதனை ஆராயாது மெய்யெனக் கொள்ளல் ஒன்று. மறைக்கத்தக்கதனைத் தம்மையறியாது ஊரறியப் பரப்புதல் மற்றொன்று. ஆகலின் உட்குறிப்பாவது யாது, அஃது எங்கே எவ்வாறு நிற்கின்றது, அதன் சான்றுவலிமை எத்துணைத்து, அதனை எப்பொழுது காத்தல் வேண்டும், எப்பொழுது களைதல் வேண்டும் என்பவற்றை முறையே ஆராய்வாம்.

அமைப்பு

டிஜிட்டல் படம் என்பது எண்களின் நிரலேயாம். 0 முதல் 255 வரையுள்ள எண்களுள் ஒன்றைத் தாங்கும் சிற்றறையைப் பைட்டு என்பர். பல நூறாயிரம் பைட்டுகள் நிரல்பட நின்று ஒரு கோப்பாகின்றன. பெருவழக்கிற்றாய ஜேபெக் வகைக் கோப்பினைத் திறந்து எண்களாகவே நோக்கின், முதலிரண்டு பைட்டுகள் 255, 216 என நிற்றல் காணலாம். படம் ஈண்டுத் தொடங்கும் என்பதற்கு அஃது அறிகுறி. அதனையடுத்துப் பெரும்பாலும் 255, 225 என்னும் அடையாளத்துடன் ஒரு பகுதி தொடங்கும். உட்குறிப்பு உறையும் இடம் இதுவே. இப்பகுதியின் நீளத்தைக் கூறுதற்கு இரண்டு பைட்டுகளே ஒதுக்கப்பெற்றமையின், ஒரு பகுதி 65,535 பைட்டுகளின் மேற்செல்லாது. நீளத்தின் பின்னர் எக்ஸிஃப் என்னும் பெயர் ஆங்கில எழுத்து நான்கனாற் பொறிக்கப்பெற்றிருக்கும்.

எக்ஸிஃப் என்பது இவ்வுட்குறிப்பின் இலக்கணத்திற்குப் பெயர். ஜப்பானிய மின்னணுத் தொழில் வளர்ச்சிச் சங்கத்தார் 1995-ஆம் ஆண்டில் இதனை முதன்முதல் வகுத்தனர். காமிரா செய்வார் பலர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையிற் குறிப்பெழுதின் ஒருவர் எழுதியதனை மற்றொருவர் கருவி படித்தல் இயலாதாம். அவ்விடர் நீங்கப் பொதுவிலக்கணம் வேண்டப்பட்டது. பின்னர் அது பலமுறை திருத்தம் பெற்று, 2023-ஆம் ஆண்டில் மூன்றாம் பதிப்பாக வெளிவந்தது. இப்பதிப்பால் தமிழர்க்கு ஒரு நன்மை உண்டு. அதற்கு முன்னர் ஆக்கியோன் பெயர் முதலிய உறுப்புகளில் ஆங்கில எழுத்துகளையே எழுதுதற்கு இலக்கணம் இடந்தந்தது. மூன்றாம் பதிப்பு யூனிகோடு எழுத்தினை ஏற்றுக்கொண்டமையின், தமிழெழுத்தாற் பெயர் பொறித்தலும் விதிக்கு இசைந்ததாயிற்று.

இனி, அப்பகுதியின் உள்ளமைப்பு வருமாறு: ஒவ்வொரு செய்தியும் பன்னிரண்டு பைட்டுள்ள ஒரு பதிவாகும். முதலிரண்டு பைட்டுகள் செய்தியின் எண்ணைக் கூறும். அடுத்த இரண்டு அஃது எழுத்தோ, முழுவெண்ணோ, பின்னமோ என அதன் வகையைக் கூறும். அடுத்த நான்கு அளவைக் கூறும். இறுதி நான்கு செய்தியையே தாங்கும். நான்கு பைட்டில் அடங்காத செய்தியாயின், அது கோப்பில் எவ்விடத்து உளது என்னும் இடவெண்ணை மட்டும் தாங்கும். நூலின் முகப்பிலுள்ள பொருளடக்கம் பொருளைக் கூறாது பக்கவெண்ணைக் கூறுதல் போல்வது இது. செய்திகளின் எண்கள் நிலையானவை. 271 என்பது கருவி செய்தாரையும், 272 என்பது கருவியின் பெயரையும், 274 என்பது படம் நிற்கும் நிலையையும், 315 என்பது படமெடுத்தார் பெயரையும், 36867 என்பது படமெடுத்த காலத்தையும் குறிக்கும்.

கூறும் செய்திகள்

உட்குறிப்பு கூறும் செய்திகளை ஐவகையாகப் பகுத்தறியலாம். கருவியைப் பற்றியன முதல்வகை. ஒளியை ஏற்ற முறையைப் பற்றியன இரண்டாம் வகை. கண்ணாடிவில்லையின் வாய் எத்துணை திறந்திருந்தது, ஒரு நொடியின் எத்தனையாவது கூற்றளவு ஒளி புகுந்தது என்பன போல்வன. காலம் மூன்றாவது. இடம் நான்காவது, வடக்கு அல்லது தெற்கு அகலக்கோடும், கிழக்கு அல்லது மேற்கு நெடுங்கோடும் பாகை, கலை, விகலை என மூன்று எண்களாக எழுதப்பெறும். படத்தைக் காட்டும் முறையைப் பற்றியன ஐந்தாவது. கைப்பேசியைப் பக்கவாட்டிற் சாய்த்துப் பிடித்து எடுத்த படமும் திரையில் நேராக நிற்றல் இதனானே. நிலையைக் கூறும் பதிவில் 1 என நிற்பின் படம் உள்ளவாறே காட்டப்படும். 6 என நிற்பின் வலப்புறமாக 90 பாகை திருப்பிக் காட்டப்படும். இப்பதிவை உணராத கருவியில் அப்படமே படுத்துக் கிடத்தலைப் பலரும் கண்டிருப்பர்.

இவற்றோடு, பெரும்படத்தின் சுருக்கமாகிய சிறுபடம் ஒன்றும் எக்ஸிஃப் பகுதியுள் வைக்கப்பெறுதல் உண்டு. படத்தின் ஒரு பகுதியை வெட்டி நீக்கியவர் சிறுபடமும் உடன் மாறிற்று எனக் கருதுவர். மென்பொருள் சில அதனைப் புதுப்பியாது விட்டுவிடும். அந்நிலையில் வெட்டி மறைத்த பகுதி சிறுபடத்தில் அழியாது நிற்கும்.

எக்ஸிஃப் பெரும்பாலும் கருவி தானே எழுதுவது. மக்கள் எழுதுங் குறிப்பிற்கு வேறிரண்டு முறைகள் உள. 1965-ஆம் ஆண்டு தோன்றிய பன்னாட்டுப் பத்திரிகைத் தொலைத்தொடர்புக் கழகம் வகுத்தது ஒன்று. அதனை அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் ஐ.பி.டி.சி. என்பர். படத்தின் தலைப்பு, விளக்கம், எடுத்தவர் பெயர், உரிமையாளர் என்பன அதன்கண் அமையும். அடோபி நிறுவனத்தார் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட எக்ஸ்.எம்.பி. என்பது மற்றொன்று, அது 2012-இல் உலகத் தரமாகவும் ஏற்கப்பெற்றது. மூன்று முறைகளும் ஒரே கோப்பில் ஒருங்கு நிற்றலும், ஒன்று கூறியதற்கு மற்றொன்று மாறாகக் கூறுதலும் உண்டு. ஆதலின், குறிப்பொன்றைக் கண்டவிடத்து இதனை எழுதியது கருவியோ மக்களோ என வினாவுதல் முதற் கடனாம்.

காலக் குறிப்பைக் கொள்ளுமாறு

காலக் குறிப்பில் மயக்கம் மிகுதியாகலின் அதனைச் சிறிது விரித்துரைப்பாம். எக்ஸிஃப் மூன்று காலங்களை வேறுவேறாகக் குறிக்கும். காட்சியைப் படம்பிடித்த காலம் ஒன்று. அஃது எண்வடிவம் பெற்ற காலம் ஒன்று. கோப்பு இறுதியாக மாற்றப்பெற்ற காலம் ஒன்று. கைப்பேசியில் எடுத்த படத்திற்கு முன்னிரண்டும் ஒன்றே. 1960-இல் பிலிம் சுருளில் எடுத்த படத்தை 2010-இல் ஸ்கேன் செய்தாராயின் அவ்விரண்டும் ஐம்பது ஆண்டு வேறுபடும். ஸ்கேன் செய்யும் கருவி 1960 என்பதனைத் தானே அறியாது. அறிந்தாரொருவர் எழுதினாலன்றி அது கோப்பில் ஏறாது.

காலம் எழுதப்பெறும் வடிவம் ஆண்டு, திங்கள், நாள், மணி, நிமிடம், நொடி என்னும் வரிசையது. 2024:03:15 04:40:00 என்பது அதற்கு எடுத்துக்காட்டு. இஃது எந்நாட்டு நேரம் என்பதனைக் கூறுதற்கு இலக்கணத்தில் முதற்கண் இடமில்லை. 2016-இல் வந்த திருத்தத்தினாலேயே நேர வேறுபாட்டைக் குறிக்கும் பதிவு சேர்க்கப்பெற்றது. மற்று, செயற்கைக்கோளின் வாயிலாகப் பெறும் காலமோ உலகப் பொதுநேரத்தில் எழுதப்பெறும். இந்திய நேரம் அதனின் ஐந்தரை மணி முற்பட்டது. மேற்காட்டிய படம் இந்தியாவில் எடுக்கப்பெற்றதாயின், இடக்குறிப்புப் பகுதியில் நாள் 2024:03:14 எனவும், மணி 23:10 எனவும் நிற்கும். ஒரே படத்தில் இரண்டு நாள்கள் காணப்படுதலின் இது போலிப்படம் என ஒருவர் துணியக்கூடும். அது பொருந்தாது, இரண்டும் ஒரே கணத்தைக் குறிப்பனவே. இவ்வேறுபாட்டை அறியாது ஒருவர்மேற் பொய்ம்மை சாற்றுதல் பெருந்தவறாய் முடியும்.

சுவடிப் படங்களிற் பிறிதொரு கருத்தும் உளங்கொளற்பாலது. நூல் இயற்றப்பெற்ற காலம் வேறு. ஏடு எழுதப்பெற்ற காலம் வேறு. படமெடுத்த காலம் வேறு. உட்குறிப்புக் கூறுவது இறுதியதொன்றையே. ஆதலின் அட்டவணை வகுப்பார் கோப்பிலுள்ள ஆண்டினை ஏட்டின் ஆண்டாகக் கொள்ளலாகாது.

சான்றுவலிமை

அற்றேல், மக்கள் பொய்யுரைப்பர். விருப்பு வெறுப்பற்ற கருவி பொய்யுரையாதன்றோ எனின், அற்றன்று. கருவியின் கடிகாரத்தைத் திருத்தி வைத்தவர் மக்களே. மின்கலம் ஒழிந்து கடிகாரம் முதல்நிலைக்குத் திரும்பிய காமிரா, பல்லாண்டு முந்திய நாளையே அயராது எழுதிக்கொண்டிருக்கும். அன்றியும், எழுதப்பெற்ற குறிப்பை எவரும் எளிதில் மாற்றவியலும். பில் ஹார்வி என்பார் 2003 முதல் இலவசமாக வழங்கிவரும் எக்ஸிஃப்டூல் என்னும் மென்பொருளைக் கொண்டு குறிப்புகளைப் படித்தல், திருத்துதல், அழித்தல் மூன்றும் செய்யலாம்.

காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளுள் உட்குறிப்பு உரையின்பாற் படுவது. உரையின் வலிமை உரைப்பாரது நம்பகத்தைப் பொறுத்தது. ஆகலின் அதனைக் காட்சியொடும் கருதலொடும் ஒப்பிட்டே கொள்ளல் வேண்டும். நண்பகல் எனக் குறிப்புள்ள படத்தில் நிழல் நெடிதாகக் கிடக்குமாயின் குறிப்பு ஐயத்திற்குரியது. ஒரே கருவி அடுத்தடுத்து எடுத்த படங்களின் வரிசையெண்ணும் காலமும் ஒத்துச் செல்லுமாயின் குறிப்பு வலிபெறும். ஏடுகளைப் பாடம் ஒப்பு நோக்குவார் ஒரு படியை மட்டும் நம்பாமை போல்வது இது.

குறிப்பைத் திருத்தவியலாவாறு காக்கும் முயற்சிகளும் நிகழ்ந்துள்ளன. கேனன் நிறுவனத்தார் படம் மாற்றப்பெறவில்லை எனச் சான்றளிக்கும் முறையொன்றைத் தம் காமிராக்களில் அமைத்தனர். 2010-ஆம் ஆண்டில் எல்காம்சாஃப்ட் என்னும் ருசிய நிறுவனத்தைச் சேர்ந்த டிமித்ரி ஸ்க்லியாரவ் என்பார் அக்காமிராக்களினின்று மறைத்திறவுகோலை வெளிக்கொணர்ந்து, நிலவின்மேல் சோவியத்துக் கொடி நாட்டுவது போன்ற பொய்ப்படத்திற்கும் அம்முறை மெய்யெனச் சான்றளிக்குமாறு செய்து காட்டினர். பின்னர் 2021-இல் அடோபி, மைக்ரோசாஃப்ட், பி.பி.சி. முதலியோர் கூடி, படத்தின் தோற்றத்தையும் பின்வந்த மாற்றங்களையும் மறைக்குறிக் கையொப்பத்தொடு பதியும் புதுமுறையொன்றை வகுக்கத் தொடங்கினர். 2023-இல் வெளிவந்த லைக்கா காமிரா ஒன்று இம்முறையை உடன்கொண்டு வந்தது. எனினும், கையொப்பம் உணர்த்துவது கையொப்பமிட்ட பின் படம் மாறவில்லை என்பதனையே. காமிராவின் முன்னின்ற காட்சி மெய்யோ நடிப்போ என்பதனை அன்று.

வெளியிடுதலால் வரும் கேடு

நச்சுநிரல் தடுப்பு மென்பொருளாற் புகழ்பெற்ற ஜான் மெக்காஃபி என்பார் 2012-ஆம் ஆண்டில் நடு அமெரிக்க நாடாகிய பெலீசில் வாழ்ந்தனர். அயல்வீட்டாரொருவர் கொலையுண்டமை பற்றி அந்நாட்டுக் காவலர் அவரை விசாரிக்க விரும்பினர், அவர் மறைந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் நாள் வைஸ் என்னும் இதழ், தன் ஆசிரியர் அவரொடு நிற்கும் நிழற்படத்தை இணையத்தில் வெளியிட்டது. இருக்குமிடத்தை இதழ் கூறவில்லை. படத்தின் உட்குறிப்போ அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் தாங்கி நின்றது. அதனைப் படித்தோர் அவ்விடம் அடுத்த நாடாகிய குவாத்தமாலாவில் உளதெனக் கண்டுகொண்டனர். அவர் முதலில் அக்குறிப்புத் தாமே மாற்றியது என மறுத்தார். பின்னர்த் தாம் குவாத்தமாலாவில் இருப்பதனை ஒப்புக்கொண்டார். இரண்டு நாட்குள் அந்நாட்டிற் காவலில் வைக்கப்பெற்றார்.

மறைந்து திரிவார்க்கன்றோ இவ்விடர். நமக்கென்னை எனின், அங்ஙனம் இகழற்க. அகலக்கோட்டில் ஒரு விகலை என்பது நிலத்தின்மேல் ஏறக்குறைய 31 மீட்டரே. கருவியோ விகலையின் பின்னத்தையும் எழுதும். ஆகவே வீட்டினுள் எடுத்த படத்தின் குறிப்பு அவ்வீட்டையே சுட்டும். குழந்தைகளின் படமும், விலையுயர்ந்த பொருள்களின் படமும் இவ்வாறு பரவுதல் நன்றன்று. சுவடிகளையும் பழைய செப்புத் திருமேனிகளையும் வீட்டில் வைத்துக் காத்து வருவோர் நம்மிடையே உளர். ஆய்வாளரொருவர் அவர்பாற் சென்று படமெடுத்து, உடையார் பெயரை நாகரிகத்தால் மறைத்து வெளியிடுகின்றார். கோப்பு அவர் இல்லத்தின் வாயிலையே காட்டிக்கொடுக்கின்றது. நம்பி இசைந்தவர்க்கு இதனினும் பெரிய தீங்கு யாதுளது?

இழத்தலால் வரும் கேடு

இனி, அச்சத்தால் எல்லாக் குறிப்பையும் யாண்டும் அழித்தலும் முறையன்று. எடுத்தவர் பெயரும் உரிமையும் அழிந்த படம், ஆக்கியோன் பெயர் அறியப்படாத நூல்போல அலையும். உரிமைக் குறிப்பை அறிந்தே அதிகாரமின்றி நீக்குதலை இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் குற்றமாக்கி, இரண்டாண்டு வரை சிறைத்தண்டம் விதிக்கின்றது. அமெரிக்க நாட்டில் 1998-ஆம் ஆண்டுச் சட்டமும் இதனைத் தடுக்கின்றது.

குறிப்புகள் நாம் அழியாமலே அழிதலும் உண்டு. வாட்ஸாப்பில் படமாக அனுப்பின் படம் சுருக்கப்பெறும். உட்குறிப்பும் உடன் நீங்கும். அதனையே ஆவணமாக அனுப்பின் கோப்பு உள்ளவாறே செல்லும். திரையைப் படம்பிடித்தாற் பழைய குறிப்பு ஒன்றும் வாராது. பலர் கைம்மாறி வந்த படத்திற் குறிப்பில்லாமை இயல்பு; அதுகொண்டு அதனைப் பொய்ப்படம் எனத் துணிதலும் ஆகாது.

செய்யத்தக்கன

மேற்கூறியவாற்றான் நாம் கடைப்பிடிக்கத்தக்கன சில பெறப்படும். எடுத்த கோப்பினை எடுத்தவாறே தீண்டாது ஒரு படி பாதுகாத்தல் முதலாவது. எம்மாற்றமும் பிறிதொரு படியிலேயே செய்க. வெளியிடும் படியில் இடக்குறிப்பை நீக்கி, எடுத்தவர் பெயரையும் உரிமையையும் நிறுத்துதல் இரண்டாவது. விண்டோஸ் கணினியில் கோப்பின் பண்புகளைத் திறந்து விவரம் என்னும் பகுதியை நோக்கின் குறிப்புகள் புலனாகும். வேண்டாதவற்றை ஆண்டே நீக்கலாம். வீடுகளிற் படமெடுக்கப் புகுமுன் கைப்பேசிக் காமிராவிற்கு இருப்பிடம் அறியும் உரிமையை நிறுத்திவிடுதல் இன்னும் எளிது. சுவடியின் பெயர், எண், ஏட்டெண், அளவுகோல் இவற்றைத் தாளில் எழுதி ஏட்டின் அருகில் வைத்து உடன் படமெடுத்தல் மூன்றாவது. உட்குறிப்பு முழுதும் நீங்கினும் இவை படத்தொடு நிற்கும். பிறர் அனுப்பிய படத்தைச் சான்றாகக் காட்டுமிடத்து, குறிப்புளதாயின் அதனை எழுதியது யாது எனவும், இலதாயின் அது வந்த வழி யாது எனவும் வினவிப் பதிந்துகொள்ளுதல் நான்காவது.

படமெடுக்கும் கருவி இன்று ஏறக்குறைய எல்லார் கையிலும் உளது. ஒவ்வொரு படத்தொடும் அது நம்மைக் கேளாமலே ஒரு பாயிரம் எழுதி வைக்கின்றது. அப்பாயிரத்தைப் படித்தறிதற்குச் சிறிது பயிற்சியே வேண்டும். சுவடி தந்து உதவினாரது நலமும், பின்வருவார் நம் படங்களின்மேல் வைக்கும் நம்பிக்கையும் அச்சிறு பயிற்சியைப் பொறுத்து நிற்றலின், ஆராய்ச்சி அன்பர்கள் இதனைப் புறத்தொழில் என்று ஒதுக்காது மேற்கொள்வாராக.